அட்டைப்பெட்டிக்குள் ஓர் அப்பளம்

கதிரு, செல்வி,

போன ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பெரியப்பா நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போனதும் நீங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. டீ குடித்த டம்ளரை அவர் கீழே வைத்த விதத்தைக் கதிர் நடித்துக் காட்டினான். முதலில் டம்ளரின் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம், பிறகு ஒவ்வொரு விரலாக எடுப்பது. தூங்கிப்போன பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. உங்க அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த மனுஷனைப் பற்றி உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுகிறது இது. பிழை இருந்தால் செல்வி திருத்தட்டும். அதுக்கும் சேர்த்துச் சிரிக்க வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் இருந்து வேப்பூர் வரைக்கும் ரோட்டில் இருக்கிற அத்தனை பள்ளத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அது அப்பளம் அண்ணன்.

சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பேர் வைத்திருந்தார். ஒன்றுக்கு 'மாமியார்' என்று பேர். தூரத்தில் இருந்து பார்த்தால் சமமாகத்தான் தெரியும், மேலே ஏறினால்தான் சங்கதி. இன்னொன்று 'மச்சான்'. எத்தனை தடவை மண்ணைப் போட்டு வழியனுப்பினாலும் பத்தே நாளில் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 'எலெக்‌ஷன்' அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மூடும். 'ஊமை' இருக்கிறதே, அது சத்தமே போடாது. ஆனால் லாரிக்குள் இருக்கிற சாமானை ஒரு கை பார்த்துவிடும்.

இந்தப் பள்ளங்களை நலம் விசாரிப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பூர் பஸ் ஏறுவார். வேப்பூரில் அவருக்கு ஒரு சொந்தக்காரரும் கிடையாது. போவார், ஒரு டீ குடிப்பார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஜன்னல் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற சீட்டுதான் வேண்டும், யாருமே உட்கார விரும்பாத சீட்டு. அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ரெண்டு கையையும் தொடையில் வைத்துக்கொள்வார். "மாமியா வருது... வருது... ம், வந்துட்டா!" என்பார். ஒருநாள் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்டக்டரைக் கேட்டாங்க, "ஏம்ப்பா, இவருக்குச் சாமி கீமி வந்திருக்குதா?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "சாமியெல்லாம் இல்லம்மா. அவருக்குப் பள்ளம் வருது."

எங்க கம்பெனியில் அவர் பேக்கிங் மேஸ்திரி. கம்பெனி சின்னதுதான். ஒரு சூளை, ஒரு ஷெட், கப்பு-சாசரும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற இடம். விருத்தாசலத்தில் செராமிக் செய்ய ஆயிரம் பேர் இருக்காங்க. செய்ததை உடையாமல் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் தொழில் என்பது அண்ணன் கட்சி. "சுட்டு எடுக்கறது பெருசில்ல தம்பி. சூளை சுட்டுடும். அதுக்கப்புறம் அது நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. கட்டிக் குடுக்கற எடம் நமக்குத் தெரியாது, போற வழி நமக்குத் தெரியாது. கட்டற கட்டு ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது" என்பார்.

அடி படுகிறது, ஆடுகிறது, குலுங்குகிறது என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஷெட்டில் இருந்த நாலு கதவுக்கும் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தார், சாத்தினால் சத்தம் வரக் கூடாதாம். எதைப் பார்த்தாலும் மேலே ஒரு அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதிவிடுவார். சாப்பாட்டு டப்பாவில் எழுதியிருந்தது. சைக்கிளில் எழுதியிருந்தது. ஒரு தடவை வயிற்றில் ஆபரேஷன் செய்து அவரைப் படுக்கையோடு உருட்டிக்கொண்டு போகும்போது, மயக்கம் முழுசாகத் தெளியாத நிலையிலும் தள்ளுகிறவரைப் பார்த்து, "தம்பி, வாசப்படியில எறக்கும்போது தலைப்பக்கம் கொஞ்சம் ஒசத்தி. ஆமா, அப்படித்தான். வுடாத, வுடாத, மெதுவா வையி" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த ஆள் வெளியே வந்து, "உங்காளு பேஷன்டா, சூப்பர்வைசரா?" என்று என்னைக் கேட்டார்.

செல்வி பிறந்து மூணாம் நாள் பார்க்க வந்தார். நீ அழுதுகொண்டே இருந்தாய். உங்க அம்மா ராவெல்லாம் தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உன்னைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். "யார் கட்டுனது இது? லூசா இருக்குது. உள்ள ஆடும்போது புள்ளைக்கு பயம் வராதா?" என்றார். மூணு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு சொருகல். ஆறு அங்குல ஜாடிக்குப் போடுகிற அதே கட்டு. நீ ஆறு மணி நேரம் தூங்கினாய். அந்தக் கட்டை உங்க அம்மா கற்றுக்கொண்டு கதிருக்கும் போட்டாள்.

இப்போது அப்பளம் என்கிற பேர் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்க சரக்கைப் பெரிய அளவில் வாங்குகிறவர் ஒரு கோயம்புத்தூர் வியாபாரி. அங்கே போய்ச் சேருகிற கப்புகளில் கொஞ்சம் உடைந்திருப்பதாகப் போன் வர ஆரம்பித்தது. லாரிக்காரரைக் கேட்டால், "நான் பூ மாதிரி ஓட்டுறேங்க, உங்க கட்டுதான் சரியில்ல" என்பார். கட்டுகிறவர்களைக் கேட்டால், "எங்க கட்டுக்கு என்ன கொறை? எறக்கறவன் தூக்கிப் போட்டிருப்பான்" என்பார்கள். வழியில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பெட்டிக்கு வாய் கிடையாது.

"பெட்டிக்குள்ள ஒரு சாட்சி வெக்கணும்" என்றார் அண்ணன்.

மறுநாள் வீட்டில் இருந்து ஒரு தூக்கு நிறையப் பொரித்த அப்பளம் கொண்டுவந்தார். கூடவே வடாம், தட்டை. ரெண்டு அட்டைக்கு நடுவே ஒரு அப்பளம், ஒரு வடாம், ஒரு தட்டை. அதைப் பெட்டியின் மேல்மூடிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். அப்பளம் மட்டும் உடைந்திருந்தால் சாதாரணக் குலுக்கல். வடாமும் உடைந்திருந்தால் பெரிய பள்ளம். தட்டை உடைந்திருந்தால் எவனோ மேலே இருந்து கீழே போட்டிருக்கிறான் என்று அர்த்தம். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

பெட்டி கட்டுவதில் கை வேகமும் வாய் வேகமும் ஒன்றாக இருக்கிறவர் மல்லிகா அக்கா. அவங்கதான் முதலில் கேட்டாங்க: "ஏண்ணே, எல்லாம் சரி. சாட்சியை அங்க தின்னுட்டான்னா?"

அதுதான் நடந்தது. கோயம்புத்தூரில் இருந்து போன் வந்தது. குடோனில் இறக்குகிறவர்கள் பேசினார்கள். "அண்ணே, அப்பளம் அருமைங்க. கொஞ்சம் ஒடஞ்சு போச்சு, பரவாயில்லீங்க. அடுத்த லோடுல ரசமும் வைப்பீங்களா?"

அன்றில் இருந்துதான் அந்தப் பேர். அதுக்கு முன்னால் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சேர்ந்தபோதே 'மேஸ்திரி', பிறகு 'அப்பளம்'. சொந்தப் பேர் என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் அசரவில்லை. அடுத்த லோடில் அட்டைமேல் சிவப்பு மையில் எழுதினார்: 'இது தின்பதற்கு அல்ல. போட்டோ எடுத்து அனுப்பவும்.' போட்டோ வர ஆரம்பித்தது. அவர் அதைப் போனில் பெரிதாக்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போலப் பார்ப்பார். "இது நல்லூர்ப் பக்கம் பட்ட அடி. குறுக்கால ஒடஞ்சிருக்குது பாரு" என்பார். எனக்கு எல்லா அப்பளமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆமாண்ணே என்பேன்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இதை நீங்கள் நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியையும் ஒரு பக்கம் அவரும் மறு பக்கம் நானும் பிடித்து, தரையில் இருந்து ஒரு சாண் உயரம் தூக்கி, "வுடு" என்பார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விடுவோம். பெட்டி 'தொம்' என்று விழும். பிறகு காதை வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கலகல என்று சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். சத்தம் இல்லை என்றால் பாஸ். "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையை விசாரிக்கறதில்லையா? அது மாதிரிதான். இங்க தாங்குனா அங்க தாங்கும்" என்பார். இவ்வளவு மெதுவான மனுஷன் இந்த ஒரு இடத்தில் மட்டும் பெட்டியைக் கீழே போடுவார். அதுவும் பெட்டிமேல் இருந்த அக்கறையில்தான்.

உடைகிறது என்று புகார் வர வர, "நம்ம டெஸ்ட்டு பத்தல தம்பி" என்றார். சாண் ஒன்றரைச் சாண் ஆனது. அடுத்த புகாருக்கு ஒரு முழம் ஆனது. நானும் மறுமுனையைப் பிடித்து, முழம் உயரத்துக்குத் தூக்கி, அவர் 'வுடு' என்றதும் விட்டேன். நாளுக்கு அறுபது பெட்டி.

டெஸ்ட் முடிந்த பிறகுதான் மேல்மூடியைத் திறந்து அப்பளத்தை ஒட்டுவார். "மொதல்லயே ஒட்டிட்டா என்னண்ணே, ரெண்டு வேலையா இருக்குதே?" என்று மல்லிகா அக்கா ஒருநாள் கேட்டாங்க.

"லூசா நீ? கீழ போடும்போது அப்பளம் ஒடைஞ்சு போவாது?" என்றார்.

நாங்கள் பத்துப் பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். எவ்வளவு யோசனையான ஆள் என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. விடாமல் நாலு நாள். அந்த வாரம் போன லோடுக்குக் கோயம்புத்தூரில் இருந்து போட்டோ வந்தது. மேல்மூடியில் அப்பளம் முழுசாக இருந்தது. உடையவே இல்லை. நமுத்துப்போய், அட்டை இடுக்கில் இருந்து ஈரத்துணி மாதிரி மடிந்து தொங்கியது. அதுக்குக் கீழே காது உடைந்த கப்புகள் வரிசையாக.

வியாபாரி முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்து எங்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார் முதலாளி. "உங்க சாட்சியே சொல்லுதுங்க, வழியில ஒரு அடியும் படலைன்னு. அப்பளமே ஒடையல, கப்பு எப்படிங்க ஒடையும்? ஒடஞ்சதைத்தான் கட்டி அனுப்பறீங்க" என்றார் அவர்.

அண்ணன் தன் போனில் அந்தப் போட்டோவை இன்னும் பெரிதாக்கினார். மழையில் அப்பளம் நமுக்கும் என்பதைப் போனில் கோயம்புத்தூருக்கு எப்படி விளக்குவது?

போனை வைத்த பிறகு முதலாளி கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒரு லோடு பாப்பேன். அதுவும் இப்படிப் போச்சுன்னா பேக்கிங்கை வெளியாளுக்கு விட்டுடுவேன். மெஷின் வெச்சிருக்கவங்க வந்து கட்டி எடுத்துட்டுப் போவாங்க. ஷெட்டை மூடிடலாம். எனக்கு வேற வழி தெரியலய்யா."

ஷெட்டை மூடுகிறது என்றால், எட்டுப் பெண்கள், அண்ணன், நான். அன்றைக்கு மல்லிகா அக்கா வைக்கோலை எடுத்து மடித்தாங்க, பிரித்தாங்க, திரும்ப மடித்தாங்க.

அந்தக் கடைசி லோடுக்காக வியாபாரி ஒரு சின்ன டப்பாவைக் கூரியரில் அனுப்பினார். வெள்ளையாக, தீப்பெட்டி அளவு. உள்ளே கைக்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு வட்டப் பேட்டரி, அவ்வளவுதான். எப்படி வைக்க வேண்டும் என்று அவருடைய ஆபீசில் இருந்து ஒரு பெண் போனில் சொன்னாங்க: "பெட்டி கட்டும்போதே கப்புகளுக்கு நடுவுல, வைக்கோலுக்குள்ள வெச்சுடுங்க. அது எப்பவும் தூங்கிட்டுதான் இருக்குமுங்க. ஏதாவது அடி பட்டா மட்டும் முழிச்சுக்கும். எத்தனை மணிக்கு, எவ்வளவு பலமான அடின்னு குறிச்சுட்டுத் திரும்பத் தூங்கிடும். அதனாலதான் அந்தத் துளியூண்டு பேட்டரி மாசக்கணக்குல வருதுங்க."

அண்ணன் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் மாமியார் வைத்துக்கொள்கிற முகம்.

"தூங்கறவனை வாட்ச்மேனா வெப்பாங்களா?" என்றார்.

"நம்ம கேட்ல இருக்கறவரு வேற என்ன பண்றாருண்ணே?" என்றாங்க மல்லிகா அக்கா.

அதுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பேர் வைத்தார். பெட்டிக்கு நடுவில் வைத்து, அதுக்கும் மூணு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு சொருகல் போட்டார். "நல்லாக் கேட்டுக்க. வேப்பூர் போறதுக்குள்ள மாமியா வரும், மச்சான் வரும், ஊமை வரும். ஒண்ணு விடாமச் சொல்லணும். எட்டு பொம்பளைங்க பொழப்பு உங்கிட்ட இருக்குது" என்று அதன் காதில், அதுக்குக் காது எங்கே இருக்கிறது என்று அவர் நினைத்தாரோ அங்கே, சொன்னார். பிறகு பெட்டியை மூடினார்.

"அண்ணே, இதையுமா போட்டுப் பாக்கணும்? மிஷினு உள்ள இருக்குதே" என்றேன்.

"யாருக்கும் சலுகை கெடையாது. புடி."

பிடித்தேன். முழம் உயரம். "வுடு." விட்டேன். தொம்.

நாலு நாள் கழித்து முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அண்ணன், நான், மல்லிகா அக்கா. அவருடைய கம்ப்யூட்டரில், கோயம்புத்தூரில் டப்பாவைப் பிரித்துப் பார்த்து அனுப்பின ஒரு படம் இருந்தது. குறுக்கே ஒரு நீளக் கோடு. அங்கங்கே முள் முள்ளாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு முள்ளுக்குக் கீழும் மணி போட்டிருந்தது. அந்தப் பெட்டியிலும் ஏழு கப்பு உடைந்து போயிருந்தது என்று முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு, நாற்காலியை அண்ணனுக்குத் தள்ளிவிட்டார்.

அண்ணன் உட்காரவில்லை. குனிந்து பார்த்தார். லாரி மூணு மணிக்குக் கிளம்பியது அவருக்குத் தெரியும். அங்கிருந்து விரலை வைத்து நகர்த்த ஆரம்பித்தார். "மூணு இருபத்தி ரெண்டு... இது மாமியா. ஆமா, மாமியாதான்! மொதலாளி, பாருங்க, வந்துட்டா பாருங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இது மச்சான். நான் சொன்னேன்ல, ரெண்டு தடவை குலுக்குவான்னு? ரெண்டு முள்ளு இருக்குது! இது எலெக்‌ஷன், இப்ப மூடியிருக்கானுங்க, அதான் சின்னதா இருக்குது. இந்தா, ஊமை. இவன் எவ்ளோ பெருசு பாரு தம்பி. வெளிய சத்தமே வராது."

இத்தனை வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை எல்லாம் அந்தத் தூங்குமூஞ்சி ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது. வேப்பூர் வரைக்கும் ஒரு பள்ளம்கூடத் தப்பவில்லை. ஒரு மனுஷன் சொன்னதை யாரும் நம்பாமல் இருந்து, பிறகு அத்தனையும் நிஜம் என்று ஆகிற நேரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாம் சரிய்யா. இது என்ன?" என்றார் முதலாளி.

கோட்டின் இடது ஓரத்தில், மற்ற எல்லா முள்ளுக்கும் முன்னால், தனியாக ஒன்று நின்றது. ஊமையைப் போல நாலு மடங்கு உயரம்.

அண்ணன் அதன்மேல் விரலை வைத்தார். "பத்து நாப்பது" என்று படித்தார். "காலைல பத்து நாப்பதுக்கு... லாரியே வரலியே. லாரி ரெண்டு மணிக்குத்தான..."

விரல் அங்கேயே நின்றது.

பத்து நாப்பதுக்கு அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று அந்த அறையில் மூணு பேருக்குத் தெரியும். மல்லிகா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாங்க. "அண்ணே, அப்பளம் ஒடையும்னு எடுத்து வெச்ச மனுஷனுக்குக் கப்பு ஒடையும்னு தெரியலியேண்ணே!"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனே சொன்னார். சாண், ஒன்றரைச் சாண், முழம், எல்லாவற்றையும் சொன்னார். கீழே போட்டதில் கப்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்திருக்கும், வைக்கோல் பிடித்துக்கொண்டு இருப்பதால் ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராது, பிறகு கோயம்புத்தூர் வரைக்கும் குலுங்கிக் குலுங்கி அது வாயைப் பிளந்துவிடும். இதையும் அவரேதான் விளக்கினார். அடுத்தவன் தப்பைச் சொல்லுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக விளக்கினார். கடைசியில், "மழையில நமுத்துப் போன அப்பளம்தாங்க உண்மையச் சொல்லியிருக்குது. வழியில ஒண்ணும் ஆவலைன்னு. நான்தான் அதைத் திட்டுனேன்" என்றார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"கட்டுனதுல ஒரு கொறையும் இல்லைங்க. இவங்க கட்டுனது கட்டுனபடியே போயிருந்தா முழுசாப் போய்ச் சேந்திருக்கும். போட்டு ஒடச்சது நானு. ஷெட்டை மூடிடாதீங்க. என்னை வேணா நிறுத்திக்கங்க."

நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்கு ரெண்டு முனை உண்டு. ஒரு மனுஷனால் தனியாக அதை முழம் உயரம் தூக்கிச் சமமாக விட முடியாது. இது முதலாளிக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. உங்க ரெண்டு பேரையும் நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதி பயம். அண்ணனும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முதலாளியும் திரும்புவார் என்று தெரிந்துதான் அப்படி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலாளி சொன்னார்: "நான் முடிவு பண்றதுல ஒண்ணும் இல்லய்யா. கோயம்புத்தூர்க்காரர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். யார் தப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றார். எழுதுங்க. அதைப் படிச்சுட்டு அவர் சரக்கு எடுக்கறேன்னா ஷெட்டு நடக்கும். அந்த ஆள் இருக்கக் கூடாதுன்னு சொன்னார்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷெட்டில் வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து சொன்னார். 'நான் கீழே போட்டதால்', 'என் கவனக்குறைவால்', 'பெண்கள் பேரில் தப்பில்லை'. நடுவில் நிறுத்தி, "மாமியா, மச்சான் பேரெல்லாம் எழுதிடாத. அவங்களுக்கு வெளங்காது" என்றார்.

ஆறாம் நாள் வியாபாரியிடம் இருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில்தான். அவர் சிரித்துக்கொண்டே பேசினார். "இப்படி ஒரு லெட்டர் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லீங்க. அடுத்த லோடு போட்டுப் பாக்காம அனுப்புங்க, போதும். ரெண்டு பேரும் அங்கயே இருக்கட்டும். அப்பறம், அப்பளத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. எங்க குடோன்ல கேக்கறாங்க."

போனை வைத்ததும் எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மல்லிகா அக்கா அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினாங்க. அண்ணன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைக் கேட்டார்: "அவர் என்ன ரெண்டு பேருங்கறாரு? நானும் தூங்குமூஞ்சியுமா?"

"இருக்கும்ணே" என்றேன்.

அடுத்த லோடில் ஒரு சாசரின் விளிம்பு மட்டும் உடைந்தது. அது ஊமை செய்த வேலை என்று அண்ணன் இன்றைக்கும் சாதிப்பார். ஷெட் நடக்கிறது. நான் தினமும் எங்கே போகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் கடிதம் எழுதின சாயங்காலம் நடந்ததை உங்க அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எழுதி முடித்ததும் அண்ணன் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினார். அவர் ஊருக்குப் போகிற கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். "கவரை நல்லா ஒட்டி அனுப்பு தம்பி. போயிட்டு வரேன்." கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

ஷெட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் அவர் பேரை முதல் தடவையாகப் படித்தேன். ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். நல்ல பேர். அதை இங்கே எழுத மாட்டேன், அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய காகிதத்தில் அடியில் அந்தப் பேர் ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பேனா மூடியைத் திறந்து, அவர் பேருக்குக் கீழே என் பேரை எழுதினேன். பக்கத்தில், 'பெட்டியின் மறுமுனையைப் பிடித்தவன்' என்று எழுதினேன். மை காயும் வரைக்கும் வாயால் ஊதிவிட்டு, மடித்து, கவரை ஒட்டினேன்.